முப்பத்தெட்டாவது காசு

ஏப்ரல் 30, செவ்வாய்

வந்துவிட்டது.

மே 1, புதன்

நேற்று ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டேன்.  இன்று நிதானமாக எழுதுகிறேன்.

1997. அமெரிக்க ஐந்து டொலர் நினைவுப் பொற்காசு. முன்பக்கம் ஜாக்கி ரொபின்சன் என்ற பேஸ்போல் வீரரின் முகம், பின்பக்கம் தையலோடு ஒரு பந்து. கண்ணாடி மாதிரி மினுக்கிய வகை இல்லை, சாதாரண அச்சு. அந்த அச்சில் ஐயாயிரத்துச் சொச்சம்தான் விலைப்பட்டது. அப்போது ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை, இப்போது எல்லோரும் அதைத்தான் தேடுகிறார்கள். என்ன விலை கொடுத்தேன் என்று எழுதப்போவதில்லை. என் வீட்டுக்காரர் இந்தக் கொப்பியைத் திறந்து பார்க்கமாட்டார் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

1986 முதல் 1999 வரை இந்த ஐந்து டொலர் நினைவுக் காசு பத்தொன்பது விதமாக வந்தது. ஒவ்வொன்றிலும் மினுக்கியது ஒன்று, சாதாரணம் ஒன்று. ஆக முப்பத்தெட்டு. ஒன்பது வருடமாக முப்பத்தேழிலேயே நின்றேன். இனி எவரும் என்னைப் பார்த்து "இன்னும் ஒண்டுதானே அன்ரி?" என்று கேட்க முடியாது.

கனடாவில் இருந்துகொண்டு ஏன் அமெரிக்கக் காசு என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1996இல் நயாகராவுக்குப் போனபோது ஒரு கடைக் கண்ணாடிக்குள் ஒன்றைக் கண்டேன். கொடி பிடித்துக்கொண்டு ஒருவன் முன்னால் வருகிறான், பின்னால் சனக்கூட்டம். சின்ன விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில் அத்தனை முகம். என் தொழில் கண்ணாடிக் கடையின் பின்னறையில் மூக்குக்கண்ணாடி வில்லை வெட்டுவது. அவ்வளவு நுணுக்கமாக ஒருவன் வெட்டியிருக்கிறான் என்றால் எனக்குக் கால் நகராது. அவ்வளவுதான் காரணம். இவர் சொல்வார், "பாவமப்பா உந்தக் காசுகள். பிறந்ததிலையிருந்து ஒரு கடைக்கும் போகேல்லை."

ஜூன் 15 எங்கள் நாணயச் சங்கத்தின் கண்காட்சி. முழுத் தொகுப்புக்கென்று தனிப் போட்டி. முப்பத்தெட்டுக் குழி கடைந்த பலகையை இவர் மூன்று வருடத்துக்கு முன்பே செய்து வைத்துவிட்டார். அதில் ஒரு குழி மட்டும் வெறுமையாகவே இருந்தது. இனி இல்லை.

புதுப் பொன் வீட்டுக்கு வந்தால் எங்கள் வீட்டில் முதலில் சாமி அறைக்குத்தான் போகும். காசு இருக்கும் வட்டப் பிளாஸ்டிக் கூட்டின் மூடியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, இலட்சுமி படத்துக்கு முன் சாமித்தட்டில் வைத்துவிட்டேன். கண்காட்சி வரை அங்கேயே இருக்கட்டும். சங்கத்துக்காரர் கண்டால் மயங்கி விழுவார்கள்.

மே 2, வியாழன்

இன்று ஏழு தரம் போய்ப் பார்த்தேன்.

மே 7, செவ்வாய்

இவரின் அக்கா சாவகச்சேரியிலிருந்து வந்து இறங்கிவிட்டார். இரத்தினேஸ்வரி, எனக்கு மச்சாள். அறுபத்தெட்டு வயது, கலியாணம் செய்யவில்லை, இவரையும் மாமா மாமியையும் பார்த்தே காலம் போய்விட்டது. எங்கள் மகன் சேந்தனின் கலியாணத்துக்காக வந்திருக்கிறார். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப் பிடித்துவிட்டுச் சொன்ன முதல் வசனம்: "தவம், நல்லா வண்டி வைச்சிட்டாய்." என் வயிற்றைத்தான் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது வசனம்: "சம்பலுக்குப் புளி காணாது."

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பொறுமை, தவமலர், பொறுமை.

மே 9, வியாழன்

பொன்னுருக்கு மே 29 புதன்கிழமை, காலை பத்து இருபத்துநாலிலிருந்து பதினொன்று பத்துக்குள். கலியாணம் ஜூன் 2. தாலிக்குப் போகும் பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து, எல்லோருக்கும் முன்னால் ஆசாரியார் உருக்க வேண்டும். அதற்கு ஒரு பவுண் காசு வேண்டும்.

அந்தப் பவுண் மச்சாளிடம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து இங்கிலாந்துப் பவுண். மாமி தன் முதல் பேரனின் பொன்னுருக்குக்கு என்று மச்சாளிடம் கொடுத்து வைத்தது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் மச்சாள் அதைச் சட்டைக்குள் முடிந்துகொண்டு ஓடியதாக இவர் சொல்வார். சொல்லும்போதே கண் கலங்கும். ஊரில் உள்ள எங்கள் சொந்தம் எல்லாருக்கும் அந்தப் பவுணின் கதை தெரியும்.

"மச்சாள், ஒருக்கா காட்டுங்கோவன். எந்த வருசக் காசு எண்டு பாப்பம்" என்றேன்.

"பொன்னுருக்கண்டைக்குப் பாக்கலாம்."

"ஒரு நிமிசம்தான்."

"உன்ரை பூதக்கண்ணாடியைக் கொண்டுபோய் வேறை ஆருக்கும் பிடி."

சூட்கேசைப் பூட்டித் திறப்பைத் தாலிக்கொடி மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். இந்த நகரத்திலேயே பொற்காசு தெரிந்த தமிழ்ப் பொம்பிளை நான் ஒருத்திதான். எனக்குக் காட்டமாட்டாராம். எனக்குக் கோபமில்லை. இரவுச் சாப்பாட்டுக்குச் சம்பல் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மே 16, வியாழன்

மச்சாள் ஆசாரியாரிடம் போக வேண்டும் என்றார். ஆசாரியார் வைத்திலிங்கம் மிசிசாகாவில் இருக்கிறார், இங்கே முக்கால்வாசித் தாலி அவர் கையால்தான். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். இவர் காரில் கொண்டுபோய் இறக்க, இவரையும் காருக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டாராம். முக்கால் மணி நேரம்.

"என்ன கதைச்சவா?" என்று இவரைக் கேட்டேன்.

"தாலி டிசைனாம்."

தாலி டிசைன் போன மாதமே சாருகாவும் சேந்தனும் தெரிவு செய்துவிட்டார்கள். சாருகா எங்களுக்கு வரப்போகும் மருமகள், மருத்துவமனைத் தாதி. எனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரு பொன் விசயம் நடக்கிறது. நடக்கட்டும்.

மே 18, சனி

மச்சாளின் வலது கையில் இரண்டு காப்பு கிடந்தது. இன்று பார்த்தால் ஒன்று. கேட்டதற்கு, "இறுகுது, கழட்டி வைச்சிட்டன்" என்றார். நான் மட்டும்தான் வண்டி வைத்திருக்கிறேன் போல.

மே 26, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது.

காலையில் இவர் மச்சாளிடம், "அக்கா, பவுணை இப்பவே தவத்தின்ரை கையிலை குடு. மூண்டு நாள் சாமித்தட்டிலை இருக்கட்டும்" என்றார். மச்சாள் ஏதோ சாட்டுச் சொல்லிப் பார்த்தார். இவர் விடவில்லை. கடைசியில் கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வைத்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பாரம் இல்லை.

அவர்கள் கோயிலுக்குப் போனதும் தராசில் வைத்தேன். எட்டுக் கிராம் இருக்க வேண்டும். நாலுகூட இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எழுத்தெல்லாம் ஊறிப்போன மாதிரி மழுங்கியிருக்கிறது. விளிம்பில் பூச்சுப் போய்ப் பித்தளை தெரிகிறது.

பாவி மனிசி. எத்தனை ஊர் மாறி, எத்தனை பங்கருக்குள் கிடந்து, பித்தளையைக் கட்டிக் காத்திருக்கிறார். எவனோ எப்போதோ மாற்றிவிட்டான். அவருக்குத் தெரியாது.

புதன்கிழமை நாற்பது பேருக்கு முன்னால் ஆசாரியார் இதைக் கையில் எடுப்பார். எடுத்த உடனே அவருக்கும் தெரியும். "இது பொன்னில்லையே" என்று ஒரு சொல் சொன்னால் போதும். மச்சாள் அந்த இடத்திலேயே செத்துப்போவார். ஊருக்குத் திரும்பிப் போகவும் முகம் இருக்காது. எனக்கு அவரோடு ஆயிரம் கொதி இருக்கலாம், அதற்காக இது நடக்க நான் விடமாட்டேன்.

மச்சாளிடமே சொல்லலாமா? சொல்ல வாய் வராது. இவரிடம் சொன்னால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அழுதே காட்டிக்கொடுத்துவிடுவார்.

வழி இருக்கிறது. 1986 சுதந்திர தேவி சிலைக் காசு என்னிடம் இரட்டையாக இருக்கிறது. அது நிறைய அடித்த காசு, எங்கேயும் கிடைக்கும். அளவும் பவுண் அளவுதான், பாரமும் ஏறக்குறைய அதுதான். பூவுக்கும் வெற்றிலைக்கும் நடுவில் ஒருவரும் படத்தைப் பார்க்கப்போவதில்லை. மேலதிகமான ஒன்றைக் கூட்டோடு சாமித்தட்டில் வைத்து, மூடியில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டேன். வெளியே பார்க்க இரண்டு கூடும் ஒரே மாதிரி. மச்சாளின் பித்தளை என் கைப்பைக்குள். இடப்பக்கம் ரொபின்சன், வலப்பக்கம் சுதந்திர தேவி.

மே 28, செவ்வாய்

நூற்றைம்பது பயற்றம் பணியாரம். இடுப்பு இல்லை.

மே 29, புதன்

பொன்னுருக்கு நல்லபடியாக நடந்தது. மழை பெய்யவில்லை. மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

மே 30, வியாழன்

கராஜில்தான் வைத்தோம். வீட்டுக்குள் கரிச்சட்டி மூட்டினால் புகை அலாரம் அடித்துத் தீயணைப்புக்காரர் வந்துவிடுவார்கள், என் சிநேகிதி பரிமளா வீட்டுப் பொன்னுருக்கில் அதுதான் நடந்தது. கராஜுக்குள் நிறைகுடம், குத்துவிளக்கு, நடுவில் ஆசாரியார் சப்பாணி கட்டி இருக்கிறார், முன்னால் உமியும் கரியும் போட்ட சட்டி, பக்கத்தில் காஸ் ஊதுகுழல். முன்வீட்டு இத்தாலியன் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் ஒரு வடை கொடுத்தனுப்பினேன்.

பத்து ஐம்பதுக்குத்தான் தட்டு எடுக்க உள்ளே ஓடினேன். மச்சாள் பின்னாலேயே வந்து வாசலில் நின்று, "கெதியாத் தவம், நேரம் போகுது" என்றார். அவருக்கு முன்னால் மாற்றி வைத்த காசைக் காட்ட முடியாது. முதுகைக் காட்டிக்கொண்டு வலப்பக்கக் கூட்டைத் திறந்து, வெற்றிலையில் கவிழ்த்து, மேலே பூவைப் போட்டேன். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு காசைப் பாராமல் கையில் எடுத்தது அன்றைக்குத்தான்.

இவர் காலையில் சாமித்தட்டைத் துடைத்துப் புதுப் பூ வைத்திருக்கிறார் என்று எனக்கு யார் சொன்னது? வைத்த இடத்தில் வைக்கத் தெரியாத மனிதர்.

சேந்தன் வேட்டி நழுவுமோ என்ற பயத்தில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் வெற்றிலையை நீட்டினான். பூ சரிந்தது. நான் ஆறடி தள்ளி நின்றேன். பந்தின் தையல் தெரிந்தது.

சத்தம் போட்டிருப்பேன். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கரிப்புகை தொண்டைக்குள் போய்விட்டது. அதோடு நேரமும் முடியப்போகிறது, சேலை ஊசி வேறு குத்துகிறது. சொல்ல நினைத்தபோது பிந்திவிட்டது. அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆசாரியார் காசைக் கையில் எடுத்தார், உள்ளங்கையில் ஒரு தரம் எறிந்து பிடித்தார். மச்சாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அப்போது விளங்கவில்லை. காசை மூசைக் கிண்ணத்துக்குள் போட்டு ஊதுகுழலைப் பிடித்தார். முதலில் முகம் போனது, பிறகு பந்து போனது. பிறகு ஒரு சிவந்த துளி, அவ்வளவுதான். மச்சாள் கண்ணை இறுக்கி மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. ஏனென்று தெரியாது, சிரிப்புத்தான் வந்தது.

இனிமேல்தான் கூத்து. ஆசாரியார் பொன்னைக் குளிரவைத்துத் தன் சின்னத் தராசில் வைத்தார். பார்த்தார். எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தார். இவர் பொறுக்கமாட்டாமல், "எவ்வளவு ஆசாரியார்?" என்றார்.

"பதினாறு கிராமுக்கு மேலை நிக்குது."

எல்லோரும் தராசை எட்டிப் பார்த்தார்கள். பிறகு பரிமளாவின் தாய் கையை உயர்த்தி, "ஒரு பவுண் போட, ரெண்டு பவுணா வந்திருக்கு! பொன் பெருகியிருக்கு! அரோகரா!" என்று கத்தினார். நாற்பது பேரும் அரோகரா. இவர் ஓடிப்போய் அக்காவைக் கட்டிப்பிடித்து, "அக்கா, உன்ரை கை ராசி!" என்று அழுதார். முன்வீட்டு இத்தாலியனும் கை தட்டினான்.

மச்சாள் என்னைப் பார்த்த பார்வையும் நான் மச்சாளைப் பார்த்த பார்வையும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும்.

எல்லோரும் போனபின் சாமி அறைக்குப் போய் மற்றக் கூட்டைத் திறந்தேன். சுதந்திர தேவி விளக்கைப் பிடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறாள்.

மே 31, வெள்ளி

எட்டுக் கிராம் போட்டேன். பதினாறு வந்தது. நான் அற்புதத்தை நம்பாதவள் இல்லை, ஆனால் தராசை அதைவிட நம்புகிறவள்.

மத்தியானம் இவர் கலியாண மண்டபத்துக்குப் போக, நானும் மச்சாளும் மட்டும் குசினியில் அரியதரம் சுட்டோம். மச்சாள்தான் தொடங்கினார்.

"தவம், அண்டைக்கு அந்த வெத்திலையிலை நீ என்ன வைச்சனீ?"

"நீங்கள் தந்ததைத்தான்."

"பொய். நான் தந்தது பித்தளை."

அகப்பை என் கையை விட்டு விழுந்தது.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"நான்தானே வாங்கினனான்! முப்பத்தேழு வருசமா அது பித்தளைதான். அம்மா கேட்டா எடுத்துக் காட்ட எண்டு வாங்கினது."

அப்ப உண்மையான பவுண் எங்கே என்றேன். "அது நல்ல இடத்துக்குத்தான் போனது, அதை விடு" என்றார்.

மிசிசாகாவுக்குப் போனது இதற்குத்தான். கையில் கிடந்த காப்பு ஒன்றை ஆசாரியாரிடம் கொடுத்திருக்கிறார். அதை வெட்டி மூசையின் அடியில் முன்கூட்டியே போட்டு, மேலே வெண்காரப் பொடியால் மூடிக்கொண்டு வருவது. பித்தளைக் காசு கைக்கு வந்ததும் அதை உமிக்குள் நழுவவிடுவது. ஆசாரியார் மூன்று நாள் வீட்டில் பழகியிருக்கிறார், பாவம். கடைசியில் கைக்கு வந்தது பொன். பொன்னை உமிக்குள் நழுவவிட எந்த ஆசாரியாருக்கு மனம் வரும்?

"நீ ஏன் மாத்தினனீ?" என்றார் மச்சாள்.

"உங்களை ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள் எண்டு நினைச்சன். சபையிலை உங்கடை தலை குனியக்கூடாது எண்டு..."

  இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கினோம். நிறுத்த முடியவில்லை. நிலத்தில் இருந்து சிரித்தோம். ஒரு ஈடு அரியதரம் கரியாகிவிட்டது.

"எந்தக் காசு போட்டனீ? நல்ல காசோ?"

"சும்மா ஒரு எண்பத்தாறு. என்னட்டை இரட்டையா இருந்தது."

மச்சாள் என் கன்னத்தைத் தடவி, "அப்ப சரி" என்றார். அந்த ஒரு பொய்க்கு என்னை ஆண்டவன் மன்னிக்க வேண்டும்.

இவரிடம் ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவு. பொன் பெருகியது என்று கிடைத்த ஆளுக்கெல்லாம் ஃபோன் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தச் சந்தோசத்தை ஏன் கெடுக்க வேண்டும்?

ஜூன் 2, ஞாயிறு

தாலி ஏறியது.  பொன்னுருக்கிலிருந்து இன்றுவரை பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது என்று நாலு நாள் பிரித்து வைத்திருந்தோம். சாருகா மணவறைக்கு வந்ததும் சேந்தன் எழும்பி நின்று "ஹாய்" என்றான். ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்.

பொன் பெருகிய தாலியைப் பார்க்கப் பெண்டுகள் வரிசையில் நின்றார்கள். கனமான தாலி, சாருகாவின் கழுத்துக்கு நல்ல வடிவு. அதில் பாதி மச்சாளின் காப்பு, பாதி ஒன்பது வருடத் தேடல். வயிறு கொஞ்சம் எரியும் என்றுதான் நினைத்திருந்தேன். எரியவில்லை. நான்கூட வரிசையில் நின்று பார்த்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

கண்காட்சியிலிருந்து பேரை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இவர் பலகைக்குப் புது வார்னிஷ் பூசிக்கொண்டு வந்து நிற்கிறார். பதினொரு பேருக்கு வாடகை வான் ஒன்றும் பிடித்துவிட்டாராம். எப்படிச் சொல்வது?

சாருகா காசுகளுக்குப் பெயர் அட்டை அச்சடிக்க உதவினாள். நல்ல பிள்ளை, ஒரு எழுத்துப் பிழை இல்லை.

"மாமி, முப்பத்தேழுதானே இருக்கு? தொண்ணூற்றேழு சாதாரணம் எங்கை?"

"அது வேறை இடத்திலை பத்திரமா இருக்கு."

"பாங்க் லொக்கரிலையோ?"

"அதைவிடப் பத்திரம்."

சரியென்று தாலிக்கொடியைப் பின்னால் தள்ளிவிட்டு அடுத்த அட்டைக்குப் போனாள். அவளிடம் நான் பொய் சொல்லவில்லை.

ஜூன் 15, சனி

சங்க மண்டபம். எங்களுடையது பதினேழாம் மேசை. பச்சை வெல்வெட்டின் மேல் பலகை, அதில் முப்பத்தேழு காசு, விளக்கு வெளிச்சத்தில் சும்மா எரிகிறது. கடைசிக்கு முந்தைய வரியில் ஒரு குழி. அதைக் கையால் மறைத்தபடி அரை மணி நேரம் நின்றேன். பதினொரு பேரும் மேசையைச் சுற்றி நின்று ஒரே கதை. மற்ற மேசைக்காரர்கள் எல்லாம் தேவாலயத்தில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள்.

நடுவராக வந்தது உயரமான ஒரு வெள்ளைக்காரி, கழுத்தில் பூதக்கண்ணாடி. கையை எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

"எங்கையப்பா உன்ரை பந்துக்காரன்?" என்றார் இவர்.

"வீட்டிலை மறந்துபோய் விட்டிட்டன்."

"நீயோ? காசையோ?" இவர் சிரித்தேவிட்டார். "திறப்பைத் தா, ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன். அரை மணித்தியாலம்."

"வேண்டாமப்பா."

"ஒன்பது வருசம் காத்திருந்தனீ! அந்தக் காசு வந்த அண்டைக்கு நீ சாப்பிடேல்லை. எனக்குத் தெரியாதே?"

திறப்புக்கு என் கைப்பையைத் திறக்கிறார். நான் இழுக்கிறேன், இவர் இழுக்கிறார், நடுவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார். அப்போது மச்சாள் சனத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார். வரிசையில் முதல் இருந்த 1986 சுதந்திர தேவியைப் பார்த்தார். அதன் பக்கத்தில் மினுக்கிய சுதந்திர தேவி. பிறகு அந்தக் குழியைப் பார்த்தார். படிக்காத மனிசி இல்லை, கணக்கு ரீச்சராக இருந்தவர். இரட்டையில் ஒன்று போயிருந்தால் குழி வந்திருக்காது என்று கணக்குப் போட்டுவிட்டார்.

"தவம். அண்டைக்கு நீ போட்டது எண்பத்தாறோ?"

"ஓம் மச்சாள்."

"என்ரை முகத்தைப் பார்த்துச் சொல்லு."

நான் பார்க்கவில்லை.

"கண்டனீதானே? உருக்க முதல் கண்டனீதானே? நான் உன்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிண்டனான். திறந்தனீ. பிறகு மூடினனீ."

 இந்தத் தடவை சாட்டுச் சொல்லப் புகையும் இல்லை, சேலை ஊசியும் இல்லை. ஓம், கண்டேன். கத்த நேரமும் இருந்தது. இந்தக் கொப்பியிலாவது உண்மையை எழுதுகிறேன்.

மச்சாள் திரும்பிச் சுற்றி நின்ற எல்லோரையும் பார்த்தார். பரிமளாவின் தாயும் நிற்கிறார். நான் மச்சாளின் கையைப் பிடித்தேன், உதறிவிட்டார்.

"எல்லாரும் கேளுங்கோ. பொன் ஒண்டும் பெருகேல்லை. நான் கொண்டுவந்த பவுண் பித்தளை. அது எனக்குத் தெரியும். என்னைச் சபையிலை வெக்கப்பட விடக்கூடாதெண்டு இவள் தன்ரை காசைப் போட்டிட்டு வாய் திறக்காமல் நிண்டவள். இந்தக் கிடங்கிலை இருக்கவேண்டிய காசுதான் பிள்ளையின்ரை கழுத்திலை கிடக்கு."

சாருகா தாலியை வெளியே எடுத்துப் பார்த்தாள். அவளே அதை நடுவருக்கு இங்கிலீசில் சொன்னாள். நடுவர் தன் பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் கழுத்தருகில் குனிந்துவிட்டார்.

இவர் மட்டும் அசையவில்லை. வார்னிஷ் படிந்த விரலோடு அக்காவையே பார்த்தபடி நின்றார்.

"அப்ப அம்மா தந்த பவுண்? நீ சட்டைக்குள்ளை முடிஞ்சுகொண்டு ஓடினது?"

"அதிலைதானேடா நீ பிளேன் ஏறினனீ."

 "உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பின ஏஜென்சிக்காரனுக்குக் கடைசியாக் குறைஞ்சது அவ்வளவுதான்" என்றார் மச்சாள், ஏதோ கடைக்குப் போய் வந்ததைச் சொல்வது மாதிரி. "சொன்னால் நீ போயிருக்கமாட்டாய். அதுதான் சொல்லேல்லை."

இவர் கண்காட்சிக் கதிரையில் இருந்து சிறுபிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார், நடுவில் சிரித்தார், திரும்ப அழுதார். சேந்தன் தண்ணீர் கொண்டு ஓடினான். பரிமளாவின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆர் சொன்னது பெருகேல்லை எண்டு?" என்றார். நான் மச்சாளைக் கட்டிப் பிடித்தேன். வண்டி இடிக்கிறது என்று சொன்னார், ஆனால் விடவில்லை. இவ்வளவு சந்தோசமாக நான் என் கலியாணத்தன்றும் இருக்கவில்லை.

எங்களுக்குப் பரிசு இல்லை. தொகுப்பு முழுமையில்லை என்று நடுவர் எழுத வேண்டியிருந்தது, எழுதிவிட்டு என் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். திரும்பி வரும்போது வானுக்குள் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கதைத்தோம். இவர் மட்டும் பின்சீற்றில் அக்காவின் கையைப் பிடித்தபடி வந்தார், வீடு வரும்வரை விடவில்லை.